கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்!



மாதா மாதம் வந்துகொண்டிருந்த உதவிப் பணம் ஒரு நாள் நின்றுவிடுகிறது. சில நாள் கழித்து மலாய் மொழியில் ஒரு கடிதம் வருகிறது. “உங்களுக்கு அதிகப்படியாகப் பணம் கொடுத்துவிட்டோம். இத்தனை ஆயிரம் வெள்ளியை இத்தனை நாளுக்குள் திருப்பிக் கட்டவும்” என்று அதில் எழுதியிருக்கிறது. ‘லெபிஹான் பாயாரான்’ என்ற இரண்டு சொல்லைக் கண்டதும் வீட்டில் உள்ளவர்களுக்குக் கை கால் ஓடுவதில்லை.

“ஏதோ கவர்மெண்டு காயிதம் வந்திருக்குங்கய்யா, என்னான்னு பாருங்க” என்று இப்படிப்பட்ட கடிதத்தோடு தொழிற்சங்க அலுவலகத்துப் படியேறுகிறவர்கள் உண்டு. படித்துச் சொன்னதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “போலீசு வருமா?” என்பதுதான். இரண்டாவது கேள்வி, “மாசம் எவ்வளவு கட்டணும்?” என்பது. “இந்தக் கணக்கு சரிதானா?” என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்த மூன்றாவது கேள்வியை முதல் கேள்வியாக ஆக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நம் மக்கள் கணக்குக் கேட்கத் தெரியாதவர்கள் அல்லர். மரம் வெட்டிய பாலை ஸ்டோரில் கொண்டுவந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் நகர்ந்த தொழிலாளி யாராவது உண்டா? அரை கிலோ குறைத்து எழுதினாலும், “என்னாங்க கிராணி, இன்னொரு தடவை போடுங்க” என்று கேட்டவர்கள்தானே நம் தாயும் தகப்பனும்? துரைக்கும் கிராணிக்கும் முன்னால் கேட்ட வாய், அரசாங்க முத்திரை போட்ட காகிதத்துக்கு முன்னால் மட்டும் ஏன் அடைத்துப் போகிறது? அந்தக் காகிதத்தையும் ஒரு கிராணிதான் எழுதுகிறார். இன்றைக்கு அவர் பேனாவுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். பேனா தப்புச் செய்யும் என்றால் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற விரலும் தப்புச் செய்யும்.

தப்பு எங்கே நுழைகிறது?

தோட்டத்து மக்களின் பதிவுகளில் தப்பு நுழைவதற்கு வாசல்கள் அதிகம். முதல் வாசல் நம் பெயர். முனியம்மா என்று தமிழில் எழுதினால் ஒரே எழுத்துக்கூட்டுதான். ரோமன் எழுத்தில் அதையே பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரியும், அடையாளக் கார்டில் ஒரு மாதிரியும், தோட்டத்துச் செக்ரோலில் இன்னொரு மாதிரியும் எழுதி வைத்தார்கள். ஒரு தாளில் இரண்டு ‘எம்’, இன்னொன்றில் ஒரு ‘எம்’, மூன்றாவதில் கடைசியாக ஒரு ‘எச்’. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயர்தான். ஒரே தோட்டத்தில் இரண்டு முருகன், இரண்டு பேருக்கும் தகப்பன் பெயர் பெருமாள் என்றால், கம்ப்யூட்டருக்கு அவர்கள் ஒரே ஆளாகத் தெரியலாம். ஒரே முனியம்மா இரண்டு ஆளாகவும் தெரியலாம்.

இரண்டாவது வாசல் பிறந்த தேதி. வயதானவர்கள் பலருக்கு அந்தக் காலத்தில் தேதியைக் குத்துமதிப்பாகப் போட்டார்கள். 1990-ஆம் ஆண்டில் 12 இலக்க அடையாளக் கார்டு வந்தபோது, பிறந்த ஆண்டும் மாதமும் நாளும் எண்ணின் முதல் 6 இலக்கமாக அமைந்தன. அன்றைக்குக் குத்துமதிப்பாகப் போட்டது இன்றைக்கு எண்ணிலேயே கல்வெட்டாகிவிட்டது.

மூன்றாவது வாசல், தோட்டங்கள் கை மாறியது. கம்பெனிகள் தோட்டங்களை விற்றன, சேர்த்தன, வீடமைப்புக்குக் கொடுத்தன. நிலம் கை மாறும்போது பழைய கணக்குப் புத்தகமும் ஒழுங்காகக் கை மாறியதா? லயத்து விலாசத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போன குடும்பத்துக்கு, இலாகாவின் கடிதம் இன்னமும் இல்லாத லயத்துக்கே போய்க்கொண்டிருந்தால் அதற்கு யார் பொறுப்பு?

இரண்டு உதாரணம்

வேலையில் அடிபட்டவருக்குச் சொக்சோ கொடுக்கும் தற்காலிக முடக்கப் பலனை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வேலை செய்து சம்பளம் வாங்கிய நாளுக்கு அந்தப் பலன் கிடையாது. இது நியாயமான விதிதான்.

இப்போது, ஒரு முருகன் காலில் அடிபட்டு 30 நாள் விடுப்பில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் காட்டு முருகன் அந்த மாதம் வேலைக்கு வருகிறார். செக்ரோலில் பேர் போடுகிறவர் 12 நாள் வரி மாறிப் போட்டுவிடுகிறார். பிற்பாடு தணிக்கை வரும்போது, “விடுப்பில் இருந்ததாகச் சொன்னவர் 12 நாள் வேலை செய்திருக்கிறார், அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்” என்று கடிதம் புறப்படுகிறது. அடிபட்டவர் என்ன செய்வார்? பயந்துபோய்க் கட்டினால், செய்யாத தப்பை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். கணக்குக் கேட்டால் நிலைமை வேறு. அந்த 12 நாளும் அவர் மரம் வெட்டியிருந்தால் பால் எங்கே? அவர் பேரில் நிறுத்த எடை எங்கே? அந்த மாதச் சம்பளச் சீட்டில் அந்த 12 நாள் கூலி ஏறியிருக்கிறதா? டாக்டர் கொடுத்த எம்.சி. என்ன சொல்கிறது? நாலு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வரி மாறியது தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கு. தகப்பனை இழந்த பிள்ளைக்கு 21 வயது வரை ஒரு பங்கு வருகிறது. பெண் பிள்ளை பிறந்தது 2007. கையால் எழுதிய பாரத்தில் இருந்த 7, பதிவில் ஏற்றியவர் கண்ணுக்கு 1-ஆகத் தெரிந்து 2001 ஆகிவிட்டது. பதிவின்படி அந்தப் பிள்ளைக்கு 2022-லேயே 21 வயது முடிந்துவிட்டது. 2025-ல் யாரோ கண்டுபிடிக்கிறார்கள், மூன்று வருடப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். உண்மையில் அப்போது பிள்ளைக்கு 18 வயதுதான். அவளுடைய அடையாளக் கார்டின் முதல் இரண்டு இலக்கம் 07 என்று பளிச்சென்று இருக்கிறது. இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க வக்கீல் வேண்டுமா? தோட்டப் பள்ளியில் படித்த கூட்டலும் கழித்தலும் போதுமே!

கடல் தாண்டி நடந்தது

இது ஏழை நாட்டில், படிக்காத மக்களுக்கு மட்டும் வருகிற தொல்லை என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். வேலையில்லாதவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் அந்த நாட்டு அரசாங்கம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உதவிப் பணம் கொடுக்கிறது. 2015-க்குப் பிறகு, அதிகப்படியாக வாங்கியவர்களைப் பிடிக்கிறோம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ‘ரோபோடெட்’ என்று அதற்குப் பேர் விழுந்தது. வரி இலாகாவிடம் இருந்த ஒரு வருடச் சம்பளத்தை எடுத்து, கம்ப்யூட்டர் அதை 26-ஆல் வகுத்தது. இரண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்திருக்கிறாய் என்று தானே முடிவு கட்டியது.

ஒருவர் அரை வருடம் வேலை செய்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார். மீதி அரை வருடம் வேலையில்லாமல் உதவி வாங்குகிறார். அவர் தப்பே செய்யவில்லை. ஆனால் 26,000-ஐ 26-ஆல் வகுத்தால், வேலையில்லாத காலத்திலும் இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்ததாகக் கணக்கு வருகிறது. உடனே கடன் கடிதம்! “இல்லை என்றால் பல வருடத்துக்கு முந்திய சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டு” என்றார்கள். நிரூபிக்கும் பாரத்தை ஏழையின் தலையில் தூக்கி வைத்தார்கள்.

தோழர்களே, மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, இலையுதிர்ந்தால் பால் குறையும் என்று அறிந்தவர்கள் நாம். ஒரு மாதச் சம்பளம் போல இன்னொரு மாதச் சம்பளம் இராது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருடச் சம்பளத்தைச் சமமாக வகுத்துப் போட்டால் வருவது பொய்க் கணக்கு என்று நம் தோட்டத்து மண்டோர் கூடச் சொல்லியிருப்பார். அங்கே பெரிய பெரிய அதிகாரிகள் பல வருடம் அதைச் சரி என்றே சாதித்தார்கள்.

முடிவில் என்ன ஆயிற்று? பயந்து கட்டியவர்கள் கட்டினார்கள். சிலர் கட்ட மறுத்து, கணக்கைக் காட்டு என்று நீதிமன்றம் போனார்கள். 2019 நவம்பரில், அப்படிச் சராசரி போட்டுக் கேட்ட கடன் சட்டப்படி நிற்காது என்று ஆயிற்று. 2021-ல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தில், கட்டியதைத் திருப்பித் தருவது, மிச்சக் கடனை ரத்துச் செய்வது, நஷ்டஈடு எல்லாமாகச் சேர்த்து சுமார் 180 கோடி ஆஸ்திரேலிய டாலர். பாதிக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். பிறகு கேத்தரின் ஹோம்ஸ் அம்மையார் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். கடன் கடிதத்தால் மனமுடைந்த மகன்களைப் பறிகொடுத்த தாய்மார்கள் அங்கே வந்து சாட்சி சொன்னார்கள். இந்தத் திட்டத்தில் நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை என்று 2023 ஜூலையில் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது.

நெதர்லாந்திலும் இதே கதைதான். பிள்ளை பராமரிப்பு உதவி வாங்கிய பெற்றோர்களை, பாரத்தில் இருந்த சின்னச் சின்னக் குறைக்காக ஏமாற்றுக்காரர் என்று முத்திரை குத்தி, மொத்தப் பணத்தையும் திருப்பிக் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்களே அதில் அதிகம் அடிபட்டன. அந்த அநியாயம் வெளிப்பட்டு, 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. ஏழைகளுக்கு எதிரான ஒரு தப்புக் கணக்கு ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்று நம் நாட்டு 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு சொல்கிறது. ஆகவே, “தப்பு உங்களுடையது, நான் ஏன் கட்ட வேண்டும்?” என்று கேட்டால் மட்டும் வழக்கு நிற்காது. பொய் சொல்லி வாங்கியவருக்காக வாதாடவும் நாம் வரவில்லை. கல்யாணம் ஆன பிள்ளையை ஆகவில்லை என்றும், இறந்தவரை இருக்கிறார் என்றும் சொல்லி வாங்குவது உண்மையிலேயே கஷ்டப்படுகிறவன் வயிற்றில் அடிப்பது. அதற்குத் தண்டனையும் உண்டு.

ஆனால் அதே 1950-ஆம் ஆண்டில் வந்த சாட்சியச் சட்டத்தின் 101-வது பிரிவு இன்னொன்று சொல்கிறது. ஒரு விஷயம் நடந்தது என்று சொல்லி நீதிமன்றத்தில் தீர்ப்புக் கேட்கிறவர் எவரோ, அவரே அதை நிரூபிக்க வேண்டும். அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்று சொல்வது யார்? இலாகா. அப்படியானால் எந்த மாதம், எவ்வளவு, எந்தப் பதிவின்படி என்று காட்ட வேண்டியதும் இலாகாதான். கடிதம் என்பது தீர்ப்பு அல்ல. அது ஒரு கோரிக்கை. கோரிக்கைக்குப் பதில் எழுதலாம், மறுக்கலாம், மேல்முறையீடு செய்யலாம். நேர்மையாக வாங்கிய பணத்தில் தகராறு வந்தால் அது கடன் தகராறு; “போலீசு வருமா?” என்று நடுங்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட கடிதம் வந்தால், முதலில் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரையின் தேதி முக்கியம். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு. அந்தக் கெடு கடிதத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் படித்துச் சொல்ல ஒருவரைத் தேடிப் பிடித்து அன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, கவுண்டரில் நின்ற நிலையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், பெருவிரல் ரேகையும் வைக்காதீர்கள். “சும்மா போடுங்க அம்மா, மாசம் 50 வெள்ளிதானே பிடிப்போம்” என்று அன்பாகவே சொல்வார்கள். போட்டுவிட்டால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகும். “வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்” என்று சொல்லி வாங்கி வாருங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, வாயால் பேசாமல் எழுத்தில் நாலு கேள்வி கேளுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை? ஒவ்வொரு மாதமும் கொடுத்தது எவ்வளவு, கொடுத்திருக்க வேண்டியது எவ்வளவு? எந்தப் பதிவை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், அதன் நகல் எங்கே? எந்தச் சட்டம், எந்த விதியின்படி திருப்பிக் கேட்கிறீர்கள்? கடிதத்தின் நகலில் அலுவலகத்துச் சாப்புக் குத்தி, தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பு இல்லாத கடிதம் கொடுக்காத கடிதத்துக்குச் சமம்.

நான்காவது, உங்கள் தாள்களைச் சேருங்கள். சம்பளச் சீட்டு, பேங்குப் புத்தகம், எம்.சி., பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பள்ளிக் கடிதம், மரணப் பத்திரம் எதுவும் விடாதீர்கள். உங்களிடம் இல்லாததை முதலாளியிடம் கேளுங்கள். தொழிலாளர் பதிவேட்டைக் குறைந்தது 6 வருடம் பத்திரப்படுத்த வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. “பழைய புத்தகம் இல்லை” என்று தோட்ட ஆபீசில் கையை விரித்தால், தொழிலாளர் இலாகாவில் போய்ச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, தனியாகப் போகாதீர்கள். தொழிற்சங்கத் தலைவரையோ படித்த பிள்ளையையோ கூட்டிப் போங்கள். சொக்சோ சம்பந்தப்பட்ட தகராறு என்றால், அதை விசாரிப்பதற்கென்றே சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் ஒன்று 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையங்களையும் நாடலாம்.

கணக்கைப் பார்த்த பிறகு, அதிகமாக வந்தது உண்மைதான் என்று தெரிந்தால்? அப்போதும் மொத்தமாகக் கட்ட நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். வரவு செலவை எழுதிக் காட்டி, தப்பு யாருடையது என்பதையும் குறிப்பிட்டு, தள்ளுபடி செய்யும்படியோ சிறு தவணையாக வாங்கும்படியோ எழுத்தில் கேளுங்கள். வட்டிக்கு வாங்கி அரசாங்கக் கடனை அடைத்தால், ஒரு கடனுக்கு இரண்டு கடனாகத்தான் ஆகும்.

இலாகாக்களுக்கு ஒரு வார்த்தை

சமூகநல இலாகா 1946 முதல் இருக்கிறது. சொக்சோ 1971 முதல் நடக்கிறது. இவை ஏழைகளுக்குச் செய்த உதவியை நாம் குறைத்துப் பேசவில்லை. பொதுப் பணத்தைக் காப்பது அதிகாரிகளின் கடமை என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் சிலவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

திருப்பிக் கேட்கும் ஒவ்வொரு கடிதத்தோடும் மாதவாரிக் கணக்கை இணைக்க வேண்டும். மறுத்து எழுதியவரின் வழக்கு முடியும் வரை பிடித்தம் கூடாது. நடப்பு மாத உதவியை நிறுத்தவும் கூடாது. வாங்கியவர் உண்மையைச் சொல்லியிருந்து, பதிவில் ஏற்றியவர் தப்பாக ஏற்றியிருந்தால், அந்த நஷ்டத்தை இலாகாவே ஏற்க வேண்டும். பல வருடம் தூங்கிவிட்டு எழுந்து, பல வருடப் பணத்தை ஒரே மாதத்தில் கேட்கக் கூடாது. தமிழ் மட்டுமே தெரிந்த முதியவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.

2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரரிடம் 8,000 வெள்ளி கேட்டால், சோறு தண்ணீர் இல்லாமல் நாலு மாதத்துக்கு அவர் வேலை செய்தாலும் அது தீராது. அவர் வீட்டுத் தாய்க்கு அந்த உதவிப் பணம் மருந்துச் செலவு, பிள்ளைக்குப் பஸ் காசு. அலுவலகத்தில் ஒரு இலக்கம் மாறியதற்கு அவர்கள் மருந்தையும் பஸ் காசையும் தண்டம் கட்ட முடியாது.

தோழர்களே! இந்தப் பத்தியைப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் படித்துச் சொல்லுங்கள். அவருக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால், அழுகையை நிறுத்தச் சொல்லி, கெடு தேதியைப் பார்த்து, நாலு கேள்வியை எழுதி, அவரோடு கூடப் போங்கள். பாலை நிறுக்கும்போது முள்ளைப் பார்த்த கண் நமக்கு இன்னும் இருக்கிறது. அதிகாரி எவ்வளவு பெரியவரானாலும், காகிதத்தில் எத்தனை முத்திரை இருந்தாலும், முதலில் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்!